ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் சேர்ந்து பாடிய கேசட்

நான் ஒரு பெரிய இசை ரசிகன். இதை வேறு யாரும் சொல்லவில்லை, இத்தனை வருடமாக நானேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னச் சூளை ஒன்று எனக்கு இருக்கிறது. மண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, சுட்டெடுத்து, பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி லாரியில் ஏற்றிவிட வேண்டும். எந்த ஊரில் எந்த வீட்டில் விளக்கு எரிந்தாலும் அங்கே என் கட்டை இருக்கலாம். ஆனால் விளக்குப் போடுகிற யாரும் ஃபியூஸ் கட்டை செய்தவனை நினைத்துப் பார்ப்பதில்லை. நாலு பேர் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவனுக்கு இந்தத் தொழில் போதாது. அதனால் நாடகப் பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இதில் போட்டிக்கு ஆளில்லை என்பதும் ஒரு வசதி. இது கூத்து நடக்கிற மண். ஆர்மோனியம் வைத்து, விடிய விடியப் பாடி நடிக்கிற நாடகமெல்லாம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சரக்கு. அதில் கதாநாயகனாக வருகிறவர் ராஜபார்ட், கதாநாயகியாக வருகிறவர் ஸ்திரீபார்ட். ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். அவரவர் வண்டியில் வந்து இறங்கி, மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நடுவில் தர்க்கம் என்று ஒரு கட்டம் வரும். ஒருவர் பாட்டிலேயே கேள்வி கேட்பார், மற்றவர் நின்ற இடத்திலேயே பாட்டில் பதில் சொல்லியாக வேண்டும். சனம் அதற்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கும். இவ்வளவும் தெரிந்தவன் எங்கள் தொழிற்பேட்டையில் நான் ஒருவன்தான், எனவே நான் சொல்வதுதான் சட்டம்.

அந்தக் காலத்தில் ஒரு ராஜபார்ட்டும் ஒரு ஸ்திரீபார்ட்டும் இருந்தார்கள். இன்றைக்கும் தெற்கே டீக்கடையில் அவர்கள் பேச்சை எடுத்தால் டீ ஆறிவிடும். இருவருக்கும் ஆகாது. நோட்டீஸில் யார் படம் மேலே வருவது என்பதில் தொடங்கிய சண்டை என்பார்கள். அதனால் அவர்கள் ஒரே மேடையில் ஏறியதே இல்லை என்பது விஷயம் தெரிந்த எல்லாரும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் நான்.

கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாவில் அவர்கள் சேர்ந்து பாடினார்கள், அதை நான் கேட்டேன் என்பது என் கட்சி. அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து, விடியும்வரை கண்ணை மூடாமல் பார்த்தேன். அந்த அம்மாள் பச்சைப் பட்டு உடுத்தி வந்து நின்றார். ராஜபார்ட் கிரீடத்தைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி விழுந்தால் கேட்கும், அப்படி ஓர் அமைதி. இதை நான் நூலகத்தில் பேசியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பேசியிருக்கிறேன், கட்டை வாங்க வந்த கடைக்காரர்களை உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். கடைசியில் நாடகப் பாட்டுக்காகவே இருக்கிற ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து அங்கேயும் பேசினேன். அங்கே தெற்கத்தி ஆட்கள் நிறைய. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் ஒரே பதிலைப் போடுவார்: "ஐந்து வயதில் கனவு வருவது இயற்கைதான் தம்பி." அதற்குக் கீழே ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை போடுவார்கள்.

வீட்டிலும் எனக்கு ஆதரவு கிடையாது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள், வேப்பூரில் ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது நாடகப் பாட்டைப் போட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். "அத நிறுத்திட்டு வேற எதுனா வேலயப் பாரு" என்பாள். எங்கள் குடும்பத்தில் சங்கீத ஞானம் எனக்கு மட்டும்தான் இறங்கியது, அக்காவின் பங்கு சாம்பாருக்குப் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கும் திருப்தியாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் போன தை மாதம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். முன்பு மைக் செட் வைத்திருந்தவர். இப்போது மகன் அதைக் கலர் லைட்டு, டிஜே என்று மாற்றிவிட்டார். பழைய குழாய் ஸ்பீக்கர்களை எடைக்குப் போடுவதற்காக எடுத்தபோது ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஒரு கேசட் கிடந்ததாம்.

"நாடகத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பீங்களாமே, அது நீங்கதான? இந்த ஊர்ல நடந்த நாடகம் இதுல இருக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா பசங்க குப்பையில போட்டுருவானுங்க" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பெரியவர் கேசட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த நாடகம் நடந்த கதையையும் சொன்னார். "எங்களுக்குக் கூத்துதாங்க தெரியும். அந்த வருசம் ஊர்ல நாடகம் வைக்கணும்னு ஆசப்பட்டாங்க. யாரு பெரிய ஆளுன்னு வெசாரிச்சோம். ஒருத்தரு ராஜபார்ட்டச் சொன்னாரு, ஒருத்தரு அந்த அம்மாவச் சொன்னாரு. சரின்னு ரெண்டு பேத்தையும் கூப்புட்டோம். அவுங்களுக்குள்ள சண்டன்னு எங்களுக்கு யாரு சொன்னது?"

தெற்கே எந்த ஊர்க்காரனும் செய்யத் துணியாத காரியத்தை, ஒன்றும் தெரியாத எங்கள் ஆட்கள் செய்துவிட்டார்கள். ராஜபார்ட் ஒரு ரயிலிலும் அந்த அம்மாள் இன்னொரு ரயிலிலும் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கி, தனித்தனிக் காரில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வேஷம் போட்டு முடிக்கும்வரை ஒருவர் வந்தது ஒருவருக்குத் தெரியாது. தெரிந்தபோது திரும்பிப்போக ரயில் இல்லை. சனமோ அறுப்பு முடிந்த கொல்லை வரைக்கும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. "மூஞ்சியத் திருப்பிக்கிட்டேதான் மேடை ஏறுனாங்க" என்றார் பெரியவர். நான் அவர் காலில் விழாத குறை.

வீடு வந்து சேரும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கேசட்டைப் படம் எடுத்து, குழுவில் போட்டேன். "ஆதாரம் கிடைத்துவிட்டது. தலைமையாசிரியர் ஐயா தயாராக இருக்கவும்." அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. என் ஞானத்தின் லட்சணம் அப்படி.

மறுநாள் சூளைக்குப் போகவில்லை. பழைய டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டு, சாமி படத்தைப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன். முதலில் ஆர்மோனியம், பிறகு ராஜபார்ட், பிறகு அந்த அம்மாள். சந்தேகமே இல்லை, அவர்களேதான். நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அன்பளிப்புக் கொடுத்தால், பாடுகிறவர் பாட்டை நிறுத்தி அவர் பேரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். அந்த அம்மாள் சோகப் பாட்டின் நடுவில் அழுகையை நிறுத்தி, ஒரு மளிகைக் கடைக்காரருக்கு நன்றி சொல்லி, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதார். நானும் கூடவே நிறுத்தி, கூடவே அழுதேன்.

தர்க்கம் வந்தது. அந்த அம்மாள் குரலை மெல்ல மேலே கொண்டுபோய்க் கேட்டார்: "ஊரே உன் பாட்டைக் கேட்க ஓடி வருதே ராசா, நீ யார் பாட்டைக் கேட்க ஓடுவே?" கூட்டத்தில் விசில் பறந்தது. வேஷத்தைக் கேட்கிற மாதிரி ஆளையே கேட்டுவிட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆர்மோனியம் மட்டும் தனியாக நின்று பதிலுக்குக் காத்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜபார்ட் தொண்டையைச் செருமினார்.

அப்போது ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

சாதாரண அழுகை இல்லை. மைக்குக்கு நேராக யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். டேப் ரெக்கார்டரின் மூடி அதிர்ந்தது. அறிவிப்பு செய்கிறவரின் குரல் குறுக்கே வந்தது: "கொழந்த ஒண்ணு காணாமப் போயி மேடைக்கிட்ட அழுதுக்கிட்டு நிக்கிது. பச்சக் கலரு சட்ட. கையில பீங்கான் யான வச்சிருக்குது. பேரு கேட்டா அக்காங்குது. அப்பா பேரு கேட்டாலும் அக்காங்குது. அந்த அக்கா யாரா இருந்தாலும் ஒடனே மேடைக்கு வரவும்."

ராஜபார்ட் பாட முயன்றார். பிள்ளை அவரைவிட மேலே எடுத்தது. அவர் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். அந்த அம்மாள் சிரிப்பது கேட்டது. கேசட்டின் அந்தப் பக்கம் அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நாடக உலகமே காத்துக்கிடந்த நேரத்தில் இப்படி ஒரு சனியன். பிள்ளையைக் கவனிக்கத் துப்பில்லாதவர்களை எல்லாம் நாடகத்துக்கு யார் வரச் சொன்னது என்று தனியாக உட்கார்ந்து திட்டினேன். திட்டியதைக் குழுவிலும் எழுதினேன். எழுதிவிட்டு, தர்க்கப் பகுதியை மட்டும் போனில் பதிவு செய்து அனுப்பினேன். தலைமையாசிரியரிடமிருந்து உடனே பதில் வந்தது. "தம்பி, என்னை மன்னிக்க வேண்டும். அவர்களேதான். என் ஆயுசில் இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அந்தக் குழந்தையை மட்டும் ஏதாவது செய்ய முடியுமா?"

செய்கிறேன் என்றேன். வேப்பூரில் அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். பாட்டிலிருந்து வேண்டாத சத்தத்தைப் பிரித்தெடுக்கிற வித்தை அவன் கம்ப்யூட்டரில் உண்டு. கேசட்டையும் டேப் ரெக்கார்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் ஜெயத்துக்கு ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் அவன் கம்ப்யூட்டரோடு டேப் ரெக்கார்டரை இணைத்தான். "எந்த எடம் மாமா?" என்றான். போட்டுக் காட்டினேன். அழுகை கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா மாமா, சைரன் மாதிரி இருக்குது" என்றான்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். வழக்கம்போல நிறுத்தச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"திருப்பிப் போடு" என்றாள்.

அறிவிப்பிலிருந்து போட்டான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். முடிந்ததும், "நீதான்டா அது" என்றாள்.

"யாரு?"

"அழுவுறது. நான்தான் அந்த அக்கா."

நான் சிரித்தேன். நான் அன்றைக்கு அப்பா தோளில் உட்கார்ந்திருந்தவன் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"அப்பா எங்கடா வந்தாரு? அவுருக்கு அன்னிக்கி சூளையில ராத்திரி வேல. அம்மாதான் நம்பளக் கூட்டிட்டுப் போச்சு. அது பின்னால பாயப் போட்டுப் படுத்துக்கிச்சு, ஒன்ன என் கையில புடிச்சிக் குடுத்துட்டு. நான் ஒன்னப் பொரிக் கடைக்கிட்ட உக்கார வச்சிட்டு, அந்த அம்மாவக் கிட்டப் பாக்கலாம்னு முன்னால போயிட்டன்."

"அப்ப அந்தப் பச்சப் பட்டு? அவரு கிரீடத்தச் சரிபண்ணிக்கிட்டு மூஞ்சியத் திருப்புனது?"

"நான் பாத்தது. நீ தூங்காம அழிச்சாட்டியம் பண்ணுவல்ல, அப்பல்லாம் அதத்தான் சொல்லித் தூங்க வைப்பன். நீ பாத்தது பொரிக் கடைதான்."

நூலகத்தில் நான் பேசியது, பந்தியில் பேசியது, குழுவில் எழுதியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. என் ரசனைக்கு ஆதாரம் என்று நான் ஊர் முழுக்க நீட்டிக்கொண்டிருந்த அத்தனையும் அக்கா கண்ணால் பார்த்து அக்கா வாயால் சொன்னது. ஊசி விழுந்தால் கேட்கும் என்ற அமைதியை மட்டும்தான் நானாகச் சேர்த்திருக்கிறேன். அந்த அமைதியைக் கெடுத்ததும் நான்தான். எனக்கு முகம் சுட்டது. மருமகன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது.

பிறகு ஒரு நாள் இதையெல்லாம் குழுவில் எழுதினேன். தலைமையாசிரியர், "குழந்தைக்கு என் ஆசிகள்" என்று போட்டார். சிரிக்கிற பொம்மைகள் அன்றைக்கு முழுக்க வந்துகொண்டே இருந்தன.

ஆனால் அப்போது அந்த அறையில், "அப்பறம் என்னா ஆச்சு?" என்றுதான் அக்காவைக் கேட்டேன்.

"என்னா ஆவும்? மைக்குல சொன்னதும் ஓடியாந்தன். அம்மாவும் எந்திரிச்சி வந்துடுச்சி. அங்கியே, எல்லார் எதுக்கவும், முதுவுல நாலு வச்சிது. ஒன்ன இடுப்புல தூக்கிக்கிட்டு என்னத் தரதரன்னு இழுத்துட்டு வந்துடுச்சி. பாட்டுக் கேக்கப் போயி புள்ளையத் தொலச்சவன்னு எனக்குப் பேரு. கல்யாணம் ஆவுற வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவாங்க. ரேடியோவத் திருப்புனாக்கூட அம்மா ஒரு பார்வ பாக்கும். அதோட வுட்டுட்டன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை, அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. பாட்டுப் போட்டால் எழுந்துபோகிறவளைப் பார்த்து, சாம்பார் என்று சிரித்திருக்கிறேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவரு என்னா பதில் சொன்னாரு?" என்றாள்.

"எதுக்கு?"

"அந்த அம்மா கேட்டுச்சே, யாரு பாட்டக் கேக்க ஓடுவன்னு. அதுக்கு அவரு என்னா சொன்னாரு? எனக்குக் கேள்வி வரைக்கும்தான் தெரியும். எத்தினியோ நாளு படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கன், என்னா சொல்லியிருப்பாருன்னு."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

"இன்னொரு பக்கம் இருக்குமே. அதக் கேக்கலியா நீ?"

"இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மருமகன் இடையில் புகுந்து, "மாமா, இந்த அழுகய எடுத்துடட்டுமா?" என்றான்.

"இருக்கட்டும்டா. அது உங்க மாமன்" என்றாள் அக்கா. "அந்தப் பக்கத்தப் போடு."

கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டேன். மைக் செட்காரர்கள் ஒரே கேசட்டில் மேலே மேலே பதிவு செய்கிறவர்கள். அடுத்த வருடத் திருவிழா சினிமாப் பாட்டு இதில் ஏறியிருந்தால் முடிந்தது கதை. பொத்தானை அழுத்தினேன். வெறும் இரைச்சல். அக்கா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். இரைச்சல் நிற்கவில்லை. தலைமையாசிரியர், குழு, என் ஜெயம் எதுவும் அப்போது எனக்கு வேண்டாம். இவளுக்கு அந்தப் பதில் கிடைத்தால் போதும் என்று இருந்தது. கடையில் யாரோ வந்து, "சாப்பாடு இருக்குதாங்களா?" என்று கேட்டார்கள். அரைக் குண்டான் சோறு இருந்தது. "ஆயிப்போச்சுங்க" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆர்மோனியம் கேட்டது.

பிள்ளையின் சத்தம் இல்லை. கூட்டமும் அடங்கியிருந்தது. ராஜபார்ட் அவசரப்படவில்லை. அந்த அம்மாளின் கேள்வியைத் தானே ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துப் பதிலைப் பாடினார்: "சொல்லவும் வெக்கம், சொல்லாட்டா பொய்யாகும். நீ பாடுற ஊருக்கெல்லாம் முக்காடு போட்டு நானும் வந்தேன்."

விசில் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் விசில் அடிக்கவில்லை. அந்த அம்மாள் அவர் பாடிய வரியையே எடுத்துப் பாடினார். இரண்டாவது முறை அவரும் கூடச் சேர்ந்துகொண்டார். ஒருவரை ஒருவர் முந்தாமல், ஒருவருக்காக ஒருவர் நின்று, இரண்டு குரலும் சேர்ந்து மேலே போயின. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. அவள் கூடவே பாடுகிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அக்கா, இது என்னா ராகம்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"செத்த சும்மா இருடா. அன்னிக்கித்தான் கேக்க வுடல."